எதை முதலில் எழுப்புவது?

2019 மே 7 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சியில் ஆயிரக்கணக்கான கணினிகள் முடங்கின. 'ராபின்ஹுட்' என்ற ரேன்சம்வேர் கோப்புகளைப் பூட்டிவிட்டு 13 பிட்காயின் கேட்டது. அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 76,000 டாலர். ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கான 911 அழைப்புகள் தப்பின. மாட்டிக்கொண்டவற்றில் யாரும் எதிர்பார்த்திருக்காத ஒன்று வீட்டு விற்பனை. விற்கப்படும் வீட்டின் பேரில் தண்ணீர்க் கட்டணம், வரி, அபராதம் என்று நகராட்சிக்கு என்னென்ன பாக்கி என்பதற்கு ஒரு சான்று வாங்கியாக வேண்டும். நம் வில்லங்கச் சான்றிதழுக்கு அது தூரத்து உறவு. அதைத் தரும் கணினி நின்றுபோனதால், பணத்தைத் திரட்டி வைத்திருந்தவர்களும் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டவர்களும் நடுவழியில் நின்றார்கள்.

ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து விற்பனை மறுபடி தொடங்கியது. கணினி அப்போதும் மீளவில்லை. பாக்கி ஏதும் இருப்பது பின்னால் தெரியவந்தால் கட்டிவிடுவதாக ஓர் உறுதிமொழியை எழுதி வாங்கிக்கொண்டு, காகிதத்திலேயே பத்திரத்தை முடிக்க நகராட்சி வழி செய்தது. பூட்டைத் திறந்த பொறியாளர் யாரும் இதற்குக் காரணமில்லை. எவ்வளவு அபாயத்தை ஏற்கலாம் என்று ஓர் அதிகாரி எடுத்த முடிவுதான் அந்தச் சந்தையை மறுபடி நகர்த்தியது.

தாக்குதலுக்குப் பிந்தைய மீட்பு என்றால் கணினித் துறையின் இரவுப்பணி என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். கடந்த சில ஆண்டுகளில் அடிபட்ட நகரங்களின் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. பொறியாளர்களின் வேலை கடினமானது, ஆனால் அதன் படிகள் தெரிந்தவை. எந்தச் சேவையை முதலில் எழுப்புவது, அதுவரை எதைக் காகிதத்தில் ஓட்டுவது, காத்திருப்பின் சுமையை யார் தலையில் வைப்பது என்பவைதான் நகரத்துக்கு நகரம் மாறுகின்றன. ஒரு நகரம் எவ்வளவு வேகமாக எழுந்தது, யாருக்காக எழுந்தது என்பதை அவையே தீர்மானிக்கின்றன.

முதல் சில மணி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கம்பியைப் பிடுங்குவது. நியூ ஆர்லியன்ஸில் 2019 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை காலை, கணினிகளை அணைத்துப் பிணையத்திலிருந்து கழற்றும்படி நகராட்சிக் கட்டடத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மேயர் லட்டோயா கான்ட்ரெல் அன்றே அவசர நிலையை அறிவித்தார். அந்த ஊருக்கு ஒரு கசப்பான அனுகூலம் இருந்தது. கத்ரீனா முதலான சூறாவளிகளைக் கண்ட நிர்வாகம் அது. மின்சாரமும் இணையமும் இல்லாமல் வேலை பார்ப்பதற்குத் திட்டம் வைத்திருந்தது, பழக்கமும் இருந்தது. பால்டிமோரிலும் இதற்கு ஒரு சிறு சாட்சி உண்டு. அங்கே 2018 மார்ச்சில் 911 அழைப்புகளைப் பிரித்தனுப்பும் கணினி தனியாக ஒரு தாக்குதலில் விழுந்தது. ஊழியர்கள் கையாலேயே விவரம் எழுதி வண்டிகளை அனுப்பினார்கள். அந்தப் பிரிவுக்குக் காகிதம் புதிதல்ல. சான்று வழங்கும் பிரிவுக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை.

அவசர நிலை என்ற சொல்லில் ஒரு நாடகத்தனம் தொனிக்கிறது. அதன் பயன் மிகவும் சாதாரணமானது. டெண்டர் விடாமல் சர்வர் வாங்கலாம், ஒப்பந்தப் பணியாளர்களை உடனே அமர்த்தலாம், மேல் அரசின் ஆட்களை அழைக்கலாம். ஜெர்மனியின் அன்ஹால்ட்-பிட்டர்ஃபெல்டு மாவட்டம் 2021 ஜூலையில் அடிபட்டபோது, வெள்ளத்துக்கும் தீவிபத்துக்கும் வைத்திருந்த பேரிடர்ச் சட்டத்தை ஓர் இணையத் தாக்குதலுக்காகப் பயன்படுத்தியது. அந்த நாட்டில் இப்படி நடந்தது அதுவே முதல் முறை. ராணுவமும் உதவிக்கு வந்தது. அந்தப் பேரிடர் நிலை 207 நாட்கள் நீடித்தது.

பத்திரிகைகள் மிக அதிகமாக எழுதும் கேள்வி, பிணைத்தொகையைக் கொடுப்பதா வேண்டாமா என்பது. 2018 மார்ச் 22 அன்று 'சாம்சாம்' தாக்கிய அட்லாண்டாவில் கேட்கப்பட்டது சுமார் 51,000 டாலர். அவசர ஒப்பந்தங்களுக்கு மட்டும் ஏறத்தாழ 26 லட்சம் டாலர் போனது. பின்னர் மொத்தச் செலவு 1.7 கோடி டாலர்வரை போகலாம் என்று ஒரு மதிப்பீடு வெளிவந்தது. பால்டிமோரின் கணக்கு 1.82 கோடி: அதில் ஒரு கோடி மீட்புச் செலவு, 82 லட்சம் வராமலோ தாமதமாகவோ போன வருவாய். கேட்ட தொகையையும் ஆன செலவையும் பக்கத்தில் வைத்து 'கொடுத்துத் தொலைத்திருக்கலாமே' என்று கேட்பது எளிது. அந்த ஒப்பீடு ஏமாற்றுகிறது என்பதே என் கருத்து. 1.82 கோடியில் பெரும்பகுதி திறவுகோல் கிடைத்திருந்தாலும் செலவாகியிருக்கும். திருடன் கொடுத்த சாவியால் திறந்த வீட்டில், அவன் வேறு எங்கெல்லாம் துளை போட்டிருக்கிறான் என்று ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்க்காமல் குடியேற முடியாது.

கொடுத்தவர்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. புளோரிடாவின் லேக் சிட்டி, சுமார் 12,000 பேர் வாழும் ஊர். 2019 ஜூனில் 42 பிட்காயின், அதாவது ஏறத்தாழ 4,60,000 டாலர் கொடுக்க அந்த ஊர் மன்றம் ஒப்புக்கொண்டது. காப்பீடு இருந்ததால் ஊரின் பங்கு 10,000 டாலர் மட்டுமே. திறவுகோல் வந்தது. ஆனாலும் கோப்புகளைத் திறப்பது மெதுவாகவே நடந்தது; பணம் கொடுத்த பின்னும் எல்லாம் உடனே கைக்கு வந்துவிடவில்லை. கணினித் துறைத் தலைவரின் வேலையும் போனது. அதற்குச் சற்று முன் அதே மாநிலத்தின் ரிவியரா பீச் 65 பிட்காயின் கொடுக்கத் தீர்மானித்திருந்தது. அந்தக் கோடையிலேயே அமெரிக்க மேயர்கள் மாநாடு இனிப் பணம் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. அதை முன்வைத்தவர் பால்டிமோர் மேயர். பிறகு வட கரோலினாவும் புளோரிடாவும் பொது அமைப்புகள் பணம் கொடுப்பதையே சட்டத்தால் தடுத்தன. எனக்கு இந்தச் சட்டங்களில் பிடித்தது, அவை விவாதத்தை மூடிவிடுவதுதான். முதல் வாரத்தில் மன்றம் இதைப் பேசிக்கொண்டே இராமல் மற்ற முடிவுகளுக்கு நேரம் ஒதுக்கலாம்.

அடுத்து பொறியாளர்களின் பகுதி. காப்புப் பிரதி இருக்கிறதே, எடுத்துப் போட்டால் ஆயிற்று என்று வெளியிலிருந்து தோன்றும். அதில் மூன்று தடைகள் உண்டு. முதலாவது, அந்தப் பிரதி உயிரோடு இருக்க வேண்டும். தாக்குபவர்கள் கோப்புகளைப் பூட்டுமுன் காப்புப் பிரதிகளைத்தான் தேடிப்போய் அழிக்கிறார்கள். லண்டனின் ஹாக்னி வட்டாரம் 2020 அக்டோபரில் தாக்கப்பட்டபோது, தடுத்து நிறுத்துவதற்குள் காப்புப் பிரதிகளில் பத்தில் ஒரு பங்கு அழிந்திருந்தது. இரண்டாவது, பிரதி சுத்தமாக இருக்க வேண்டும். டாலஸில் 2023 மே 3 அன்று கணினிகள் பூட்டப்பட்டன. ஆனால் 'ராயல்' கும்பல் ஏப்ரல் 7-ஆம் தேதியே உள்ளே வந்துவிட்டிருந்தது. திருடிய ஒரு சேவைக் கணக்கின் வழியே நுழைந்து, ஏறத்தாழ நான்கு வாரம் சத்தமில்லாமல் உலவி, ஒரு டெராபைட்டுக்கும் மேற்பட்ட தகவலை வெளியே கடத்தியது. அந்த நான்கு வாரத்தில் எடுத்த பிரதி எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நேற்றைய பிரதியைப் போட்டால் நேற்றிருந்த திருடனும் கூடவே திரும்பி வரலாம்.

மூன்றாவது, அடையாளம். ஒரு நகராட்சியின் பிணையத்தில் யார் யார், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்று சொல்லும் மைய அடைவு ஒன்று உண்டு. அதன் உச்சக் கணக்கைக் கைப்பற்றியவர், தனக்கு வேண்டிய சாவிகளைத் தானே வார்த்துக்கொள்வார். அதனால் அந்த அடைவைச் சுத்தம் செய்யாமலோ புதிதாகக் கட்டாமலோ மற்ற எதையும் அதன் மேல் ஏற்றுவது வீண். 2025 ஜூலையில் தாக்கப்பட்ட மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரம் இதை அசாதாரணமான முறையில் செய்தது. ஏறத்தாழ 3,500 ஊழியர்களையும் ஒரே பொது அரங்கத்துக்கு நேரில் வரவழைத்து, அடையாள அட்டையைப் பார்த்து, கடவுச்சொல்லை மாற்ற வைத்தார்கள். மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்கக்கூடாது. எந்த மின்னஞ்சலை நம்புவது என்பதுதானே அங்கே பிரச்சினை. தேசியக் காவல் படையின் இணையப் பிரிவும் அங்கே வந்திருந்தது. நகரம் பணம் தரவில்லை. 'இன்டர்லாக்' கும்பல் திருடிய 43 ஜிகாபைட் தகவலை வெளியிட்டது.

பால்டிமோர் இந்த இடைக்காலத்தில் வேறொரு சிக்கலில் விழுந்தது. மின்னஞ்சல் போய்விட்டதால் துறைகள் ஆளுக்கொரு இலவச ஜிமெயில் கணக்கைத் தொடங்கின. ஒரே இடத்திலிருந்து இத்தனை கணக்குகள் திறக்கப்படுவதைப் பார்த்த கூகுளின் தானியங்கிப் பாதுகாப்பு, ஏதோ மோசடி என்று எண்ணி அவற்றை முடக்கியது. பிறகு சரிசெய்தார்கள். சிரிப்பு வந்தாலும், தற்காலிக ஏற்பாட்டை முன்கூட்டியே யோசித்து வைக்காத நிர்வாகத்துக்கு இதைவிடத் துல்லியமான படம் கிடைக்காது.

இனி வரிசை. டாலஸ் பின்னர் வெளியிட்ட தன் மீட்பு அறிக்கையில் வரிசையை வெளிப்படையாகவே சொன்னது: முதலில் மக்கள் பாதுகாப்பு, அடுத்து மக்கள் நேரடியாகப் பயன்படுத்தும் சேவைகள், பிறகு மற்றவை. காவல், தீயணைப்பு வண்டிகளை அனுப்பும் கணினி முதல் இடம் பெற்றது. அது மீளும்வரை அழைப்பை ஏற்றவர்கள் விவரத்தைக் கையால் எழுதி வானொலியில் சொன்னார்கள். நகராட்சி நீதிமன்றம் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தது. ஊழியர்கள் இதில் செலவிட்டது 39,590 மணி நேரம் என்று நகரம் கணக்குச் சொன்னது. மன்றம் 85 லட்சம் டாலர் ஒதுக்கியது. 30,253 பேரின் தனிப்பட்ட தகவல் கசிந்திருந்தது.

உயிர் முதலில் என்பதில் யாருக்கும் மறுப்பிருக்காது. சண்டை இரண்டாம் இடத்துக்குத்தான். ஹாக்னியில் வாடகை உதவித்தொகை, சமூக நலப் பதிவுகள், வீடு வாங்குவோருக்கான நிலத் தேடல் எல்லாம் பழைய கணினிகளில் இருந்தன, எல்லாம் விழுந்தன. மின்னஞ்சல் போன்றவை ஏற்கெனவே மேகக் கணிமைக்கு மாறியிருந்ததால் பிழைத்தன. விளைவு விசித்திரமானது. அலுவலர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ள முடிந்தது. வாடகை உதவிக்கு விண்ணப்பித்தவரின் கோப்பைத் திறக்க முடியவில்லை. வீடு வாங்குபவரின் ஒப்பந்தம் முறிந்தால் வழக்கறிஞர் செய்தித்தாளுக்குப் பேசுவார். உதவித்தொகை தாமதமானவருக்கு வீட்டுக்காரரிடம் தவணை கேட்பதைத் தவிர வேறு வழி தெரியாது. சில சேவைகள் வழக்க நிலைக்கு வர 2022 ஆகிவிட்டது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2024 ஜூலையில் ஹாக்னியைக் கண்டித்தது. பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 2,80,000 பேர், பூட்டப்பட்ட கோப்புகள் 4,40,000. செலவு 1.2 கோடி பவுண்டைத் தாண்டியது.

முன்பணம் கட்டி மின்சாரம் வாங்கும் ஜோகன்னஸ்பர்க்கில் வரிசையைப் பற்றி யோசிக்கவே இடமில்லாமல் போனது. 2019 ஜூலை 25 அன்று நகரின் மின்வாரியமான சிட்டி பவர் தாக்கப்பட்டது. மின்கம்பியில் பழுதில்லை, மின்நிலையத்தில் பழுதில்லை. மின்சாரத்தை விற்கும் கணினிதான் படுத்தது. மீட்டரில் யூனிட் தீர்ந்தவர்கள் குளிர்காலத்தில் இருட்டில் உட்கார்ந்தார்கள். மாதக் கட்டணம் கட்டுபவர்களின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு சேவையை எப்படி விற்கிறோம் என்பதிலேயே, தாக்குதல் வந்தால் யார் முதலில் அடிபடுவார் என்பதும் எழுதப்பட்டுவிடுகிறது.

மீட்பு இழுத்துக்கொண்டே போவதற்குப் பொறியியலைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: நகராட்சிக்குத் தன்னிடம் என்னென்ன இருக்கின்றன என்பதே தெரியாது. அட்லாண்டாவில் தாக்குதல் நடந்து இரண்டு மாதத்துக்கும் மேலான பிறகு, 2018 ஜூனில், கணினித் துறையின் தலைமைப் பொறுப்பிலிருந்தவர் மன்றத்திடம் சொன்னது: நகரின் 424 மென்பொருள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முழுதாகவோ பாதியாகவோ செயலிழந்தன, அவற்றில் 30 சதவீதத்துக்கு நெருக்கமானவை அத்தியாவசியமானவை, இன்னும் 95 லட்சம் டாலர் வேண்டும். அதுவரை பாதிப்பு சிறிதென்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். நகர வழக்கறிஞர் அலுவலகத்தின் 77 கணினிகளில் ஆறுதான் மிஞ்சின, பத்தாண்டு ஆவணங்கள் போயின. போலீஸ் வண்டிகளின் கேமராப் பதிவுகள் தொலைந்தன. பால்டிமோரில் கணினித் துறையில் சிலரே தங்கள் தகவலை மேசைக் கணினியின் ஹார்டு டிஸ்க்கிலேயே வைத்திருந்தது தணிக்கையாளர் கேட்டபோதுதான் வெளிவந்தது. மையத்தில் எவ்வளவு நல்ல காப்புப் பிரதி இருந்தாலும், மையத்துக்கு வராத கோப்பை அது காப்பாற்றாது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்த ஊழியர் ஒருவர்தான்.

கணினி எழுந்த பிறகு தொடங்கும் வேலை ஒன்றிருக்கிறது. செய்தியாளர்கள் போன பிறகு நடப்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. முடங்கிய நாட்களில் கையால் எழுதிய ஒவ்வொரு அறிக்கையும், ரசீதும், விண்ணப்பமும் திரும்பக் கணினிக்குள் ஏற வேண்டும். அன்றாட வேலை நிற்காமல் வந்துகொண்டேயிருக்க, அதே ஆட்கள்தான் இதையும் செய்ய வேண்டும். பால்டிமோரில் தண்ணீர்க் கட்டண ரசீதுகள் மே மாதம் நின்று ஆகஸ்டில்தான் மறுபடி கிளம்பின. மாதா மாதம் கட்டிப் பழகிய குடும்பத்துக்குப் பல மாதக் கட்டணம் சேர்ந்து வந்தது. மீட்புச் செலவு என்று நகராட்சி வெளியிடும் எந்த எண்ணிலும் அந்தக் குடும்பத்தின் நெருக்கடி ஏறாது.

சிறிய ஊர்கள் இதைத் தனியாகத் தாங்க முடியாது என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. ஒன்றுசேர்வது தீர்வா என்பதில் ஆதாரம் இரு பக்கமும் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் டெக்சஸின் 23 உள்ளாட்சிகள் ஒரே நாளில் தாக்கப்பட்டன. அவற்றின் கணினிகளைத் தொலைவிலிருந்து பராமரித்த பொது ஒப்பந்த நிறுவனத்தின் வழியே 'ரெவில்' நுழைந்தது. 25 லட்சம் டாலர் கேட்டார்கள், ஒருவரும் கொடுக்கவில்லை. மாநிலத்திடம் முன்பே எழுதிவைத்த திட்டம் இருந்தது. ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து குழுக்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லா இடங்களையும் பார்த்து முடித்தார்கள். மறுபக்கம், ஜெர்மனியில் 2023 அக்டோபர் இறுதியில் 'சூட்வெஸ்ட்ஃபாலன்-ஐடி' என்ற பொதுச் சேவை நிறுவனம் விழுந்தபோது, அதை நம்பியிருந்த 70-க்கு மேற்பட்ட நகராட்சிகளின் அலுவலகங்கள் ஒரே இரவில் விழுந்தன. வாகனப் பதிவுக்குக்கூட மக்கள் அலைந்தார்கள். மீட்பு பல மாதங்கள் இழுத்தது. ஆகவே, உதவிக்கு வரும் ஆட்கள் பொதுவாக இருப்பது லாபம், கதவு பொதுவாக இருப்பது ஆபத்து என்று நான் பிரித்துப் பார்க்கிறேன்.

பழையபடியே கட்டுவதா, புதிதாகக் கட்டுவதா என்ற கேள்வியும் ஒவ்வொரு மீட்பிலும் எழுகிறது. ஹாக்னி, விழுந்த பழைய மென்பொருள்களில் சிலவற்றைத் திரும்ப எழுப்பாமல் மேகக் கணிமைக்கு மாற்றியது. அதனாலும் காலம் நீண்டது. இந்தத் தாமதத்துக்கு நியாயம் தருவது, தாக்கியவர்கள் உள்ளே வந்த வழிதான். யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய கணக்கும், எளிதில் ஊகிக்கக்கூடிய அதன் கடவுச்சொல்லும், போடப்படாத ஒரு பாதுகாப்புத் திருத்தமும் ஆணையரின் கண்டனத்தில் இடம்பெற்றன. அட்லாண்டாவில் தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பு வந்த தணிக்கை அறிக்கை 1,500 முதல் 2,000 கடுமையான ஓட்டைகளைப் பட்டியலிட்டிருந்தது. 2015-லேயே ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் சர்வர் 2003-ஐ நூறுக்கு நெருக்கமான சர்வர்கள் ஓட்டிக்கொண்டிருந்தன. அவற்றை அப்படியே எழுப்பினால் அடுத்த தாக்குதலுக்கு மேடை போட்டுக் கொடுப்பதாகும். ஆனால் புதியதற்காக ஒன்றரை வருடம் காத்திருக்கச் சொல்லும்போது, காத்திருப்பவர் யார் என்ற கேள்வி மறுபடி வந்து நிற்கிறது.

மீட்பில் உண்மை பேசுவதும் ஒரு வேலை. ஓஹையோவின் கொலம்பஸ் 2024 ஜூலையில் தாக்கப்பட்டது. திருடிய தகவல் பூட்டப்பட்டதோ சிதைந்ததோதான், பயன்படாது என்று மேயர் ஆகஸ்டில் சொன்னார். ஓர் ஆராய்ச்சியாளர் அது படிக்கும்படியே கிடக்கிறது என்று உள்ளூர்ச் செய்தியாளர்களுக்குக் காட்டினார். நகரம் அவர்மீதே வழக்குப் போட்டது. பின்னர் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரின் தகவல் பாதிக்கப்பட்டதாக அதே நகரம் அறிவிக்க நேர்ந்தது. டாலஸ் தன் தவறுகளோடு அறிக்கையை வெளியிட்டதால் மற்ற ஊர்கள் அதைப் படிக்க முடிகிறது. கொலம்பஸிடமிருந்து கற்றுக்கொள்ளக் கிடைப்பது வழக்கு மனு.

கடைசியில் பணம். பால்டிமோரைத் தாக்கியதில் தொடர்புடைய ஓர் ஈரானியர் 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தாக்குதல் நடந்து ஆறு ஆண்டுகள் கழித்து. நகரத்துக்கு ஆன இழப்பை அரசுத் தரப்பு 1.9 கோடி டாலருக்கு மேல் என்று கூறியது. தாக்கப்பட்டபோது நகரத்திடம் இணையக் காப்பீடு இல்லை. 2019 அக்டோபரில் 2 கோடி டாலர் காப்பீட்டை 8,35,103 டாலர் கட்டி வாங்கியது. இங்கிலாந்தின் ரெட்கார் அண்ட் கிளீவ்லாண்ட் உள்ளாட்சி 2020 பிப்ரவரியில் அடிபட்டு, செலவை 1.04 கோடி பவுண்டு என்று அந்த ஆண்டே மதிப்பிட்டது. பிரிட்டிஷ் அரசு கொடுத்தது 36.8 லட்சம். மீதி அந்த வட்டாரத்தின் கணக்கில் விழுந்தது. அங்கே வாழ்பவர்கள் ஏறத்தாழ 1,35,000 பேர்.